கூம்பு விழுந்த கருவிழி முதல் புண் ஆறிய கண் வரை: சிறப்பு கான்டாக்ட் லென்ஸ் பொருத்தும் முறை

சாதாரண கான்டாக்ட் லென்ஸ் வாங்குவது எளிது. கண்ணாடிப் பவரைச் சொன்னால் கடைக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அப்படிக் கொடுக்கவே கூடாது, ஆனால் அது வேறு சண்டை. இங்கே பேசப்போவது பெட்டியில் கிடைக்காத லென்ஸ்களைப் பற்றி. கூம்பாகிப்போன கருவிழி (கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியா), புண் ஆறித் தழும்பேறிய கருவிழி, தானக் கருவிழி வைத்துத் தைத்த கண், கண்ணீர் வற்றிய கண், கண்புரை எடுத்த கைக்குழந்தையின் கண் ஆகியவற்றுக்கு அளந்து, போட்டுப் பார்த்து, மறுபடி அளந்து செய்யப்படும் லென்ஸ்கள் இவை.

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. கண்ணில் ஏதாவது என்றால் தேனி, சிவகங்கை, விருதுநகர் பக்கமிருந்தெல்லாம் இங்கேதான் பஸ் ஏறி வருவார்கள். அதனால் இங்கே வேலை பார்க்கிற ஆப்டோமெட்ரிஸ்டுக்கு (பார்வையை அளந்து கண்ணாடி, லென்ஸ் பொருத்துபவர்) விதவிதமான கருவிழிகளைப் பார்க்கக் கிடைக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். லென்ஸ் போடப்போகிறவர்களும் வீட்டாரும் படித்தால், பரிசோதனை அறையில் ஏன் அரை நாள் போகிறது என்பது புரியும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் நிற்கிறது. நம் வேலை முழுக்க அந்தப் படலத்தைச் சரியான கனத்தில் நிற்கவைப்பதுதான். மேடுபள்ளமான தரையில் தண்ணீர் தேங்கினால் மேலே மட்டமாகிவிடுகிறது அல்லவா, அப்படித்தான் கெட்டியான லென்ஸின் பின்னால் கண்ணீர் நிரம்பி, கருவிழியின் கோணலை ஒளிக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. கண்ணாடியால் முடியாததை இந்த லென்ஸ் செய்வது இப்படித்தான். மென்மையான சாதாரண லென்ஸ் கருவிழியின் கோணலுக்குத் தானும் வளைந்து கொடுத்துவிடுவதால், பெரிய கோணல்களில் அது உதவாது. கருவி தரும் எண்கள் எங்கே தொடங்குவது என்று காட்டும். எங்கே முடிப்பது என்பதைக் கண்ணீரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

யாருக்கு இது தேவைப்படுகிறது?

அதிகம் வருபவர்கள் கெரட்டோகோனஸ் உள்ள இளைஞர்கள். பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும். கருவிழி மெலிந்து, முன்பக்கம் கூம்பாகத் தள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாறும், சிலிண்டர் பவர் (கருவிழியின் கோணலுக்குக் கொடுக்கும் பவர்) ஏறிக்கொண்டே போகும், இரவில் ஒரு விளக்கு மூன்று நான்காகத் தெரியும். இவர்களில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே வெயில் காலத்தில் கண் அரிக்கும் அலர்ஜி இருந்திருக்கும். அரிக்கும்போது கண்ணைப் போட்டுக் கசக்குவது இந்த நோயை வளர்க்கும் முக்கியமான பழக்கம். லென்ஸ் போட்டால் கெரட்டோகோனஸ் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லென்ஸ் பார்வையைத்தான் தரும். நோய் வளர்ந்துகொண்டிருந்தால் அதை நிறுத்த சி3ஆர் எனப்படும் சிகிச்சை இருக்கிறது. ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டு புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குவார்கள். அதை முடிவு செய்பவர் கண் மருத்துவர். சி3ஆர் முடிந்தால் மேல்தோல் நன்றாக ஆறி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே லென்ஸ் பேச்சை எடுக்க வேண்டும். குறைந்தது ஒரு மாதமாவது ஆகும்.

அடுத்த கூட்டம் வயலிலிருந்து வருகிறது. மேலூர், வாடிப்பட்டி பக்கம் அறுப்புக் காலத்தில் நெல் சுணை கண்ணில் விழும். கரும்புத் தோகை கிழிக்கும், மாடு வாலால் அடிக்கும். அந்தச் சின்னக் காயத்தில் பூஞ்சை புகுந்து கருவிழிப் புண் ஆகிவிடும். பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்கு மதுரையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. வோரிகோனசோலை விட நாடமைசின் சொட்டே மேல் என்று அது காட்டியது. புண் ஆறிய பிறகுதான் நமக்கு வேலை. கண்ணில் பூ விழுந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் தழும்பு இரண்டு விதமாகப் பார்வையைக் கெடுக்கும். ஒன்று, ஒளியை மறைப்பது. இன்னொன்று, கருவிழியின் வடிவத்தைக் கோணலாக்குவது. எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு கெட்டி ட்ரையல் (சோதனை) லென்ஸைப் போட்டு அதன் மேல் பவர் பார்ப்பதுதான். சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கவைக்கும் பின்ஹோலும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். லென்ஸோடு 6/60-லிருந்து (இயல்பான கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்கும் நிலை) 6/12-க்கு வந்துவிட்டால் கோணல்தான் முக்கியக் காரணம் என்று அர்த்தம், அவருக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாம். கருவிழி மாற்றுக்கு எழுதும் முன்னால் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்வேன்.

மற்றவர்கள்: கருவிழி மாற்றுக்குப் பின் சிலிண்டர் தங்கியவர்கள், கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்து கருவிழி தளர்ந்தவர்கள், பட்டாசிலோ ரசாயனத்திலோ கண் வெந்தவர்கள், மருந்து ஒவ்வாமையால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்து கண்ணீர் வற்றியவர்கள். கண்ணில் நோய்த்தொற்று இருக்கும்போது யாருக்கும் லென்ஸ் கிடையாது.

கேள்விகள் முதலில், கருவி அப்புறம்

என்ன வேலை என்று கேளுங்கள். விடியும் முன்னே மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகும் அம்மாவுக்கு, இருட்டில் எழுந்து லென்ஸ் போட முடியுமா என்பது பவரை விடப் பெரிய கேள்வி. நாள் முழுக்க டூவீலரில் ஓடுபவருக்குத் தூசி. வெல்டிங் செய்பவருக்குப் பொறி. யாருக்கு எத்தனை மணி நேரம் நல்ல பார்வை வேண்டும் என்று தெரிந்தால்தான் லென்ஸ் வகையே முடிவாகும்.

கண்ணைக் கசக்குவாயா என்று பையனிடம் கேட்டால் இல்லை என்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைக் கேளுங்கள். "தூங்கும்போதுகூடக் கசக்குறான் சார்" என்பார். அலர்ஜி அடங்காமல் லென்ஸ் பொருத்துவது வீண். முதலில் மருத்துவரிடம் அனுப்பிச் சொட்டு மருந்து.

மறு கண் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். ஒரு கண் 6/6 இருந்து இன்னொன்று மட்டும் கெட்டிருந்தால், லென்ஸின் உறுத்தலைப் பொறுத்துக்கொள்ள அவருக்குக் காரணம் குறைவு. இரண்டு மாதத்தில் டப்பாவில் கிடக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, பணம் போட்டபின் சொல்வதில் பயன் இல்லை. வயதானவர் என்றால் கை நடுங்குகிறதா, வீட்டில் போட்டுவிட ஆள் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

அளவெடுப்பது

ஏற்கெனவே லென்ஸ் போடுபவர் என்றால் அளவெடுக்கும் முன் கழற்றி வைக்கச் சொல்ல வேண்டும். சாஃப்ட் லென்ஸ் ஒன்று முதல் இரண்டு வாரம், கெட்டி லென்ஸ் இரண்டு முதல் நான்கு வாரம். இல்லாவிட்டால் லென்ஸ் அழுத்திய வடிவத்தைத்தான் கருவி அளக்கும். படிக்கிற, வேலைக்குப் போகிற ஆட்களிடம் இது எளிதல்ல. ஒரு கண்ணாக மாற்றி மாற்றிச் செய்யலாம்.

கண்ணுக்குள் ஒளி விட்டுப் பார்க்கும் ரெட்டினோஸ்கோப் வைத்தாலே கூம்பு தெரிந்துவிடும். ஒளிப்பட்டைகள் கத்தரிக்கோலாக விரிந்து மூடும். அடுத்து கருவிழியின் வளைவை அளக்கும் கெரட்டோமீட்டர், அதைப் படமாகக் காட்டும் டோபோகிராஃபி அல்லது பென்டாகாம். கூம்பு நடுவில் இருக்கிறதா, கீழே சரிந்திருக்கிறதா, எவ்வளவு அகலம், எவ்வளவு மெலிவு என்று படம் காட்டும். இயல்பான கருவிழி நடுவில் சுமார் 540 மைக்ரான் கனம் இருக்கும். கருவிழியின் குறுக்களவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லிட் லாம்ப் என்ற ஒளி நுண்ணோக்கியில் இமையைப் புரட்டிப் பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். அலர்ஜிக் கட்டிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். மாற்றுக் கருவிழி உள்ளவருக்கு எண்டோதீலியல் செல் (கருவிழியின் உள்பக்க அடுக்கில் உள்ள செல்) எண்ணிக்கை தேவை. ஒரு சதுர மி.மீ.க்கு 1000-க்குக் கீழே இருந்தால், ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைக்கும் லென்ஸ்கள் ஆபத்து. கருவிழி வீங்கிவிடும்.

எந்த வகை லென்ஸ்?

வரிசைப்படி போவது என் வழக்கம். கண்ணாடியில் 6/9 வரை வந்து, நோயாளிக்கும் திருப்தி என்றால் கண்ணாடியே போதும். ஆரம்பநிலைக் கூம்புக்கு டோரிக், அதாவது சிலிண்டர் பவர் உள்ள சாஃப்ட் லென்ஸ் முயலலாம். அதற்கு மேல் ஆர்ஜிபி, அதாவது ஆக்ஸிஜனை உள்ளே விடும் சின்னக் கெட்டி லென்ஸ். கெரட்டோகோனஸுக்கென்றே வடிவமைத்த ஆர்ஜிபிகளில் நம் ஊரில் அதிகம் பேசப்படுவது ரோஸ் கே. நியூசிலாந்து ஆப்டோமெட்ரிஸ்ட் பால் ரோஸ் உருவாக்கியது. ஆர்ஜிபி உட்காரவே மாட்டேன் என்கிற கூம்புக்கும், வறண்ட கண்ணுக்கும் ஸ்க்லெரல், அதாவது கருவிழியைத் தொடாமல் கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய லென்ஸ்.

எல்லோருக்கும் எடுத்தவுடனே ஸ்க்லெரல் என்று போவது இப்போது ஒரு நாகரிகமாகி வருகிறது. உறுத்தாது, உடனே பிடித்துப்போகும், உண்மைதான். ஆனால் ஆர்ஜிபியை விடப் பல மடங்கு விலை, தினமும் ஸலைன் (கிருமியில்லாத உப்புக் கரைசல்) செலவு, போடக் கற்க நேரமும் அதிகம். உசிலம்பட்டியிலிருந்து வரும் கல்லூரி மாணவருக்கு ஆர்ஜிபியில் 6/9 கிடைத்து, பத்து மணி நேரம் போட முடிகிறது என்றால் அங்கேயே நிற்கலாம்.

ஆர்ஜிபி: ட்ரையல் லென்ஸோடு

ஒரு கணக்கோடு போவோம். கே ரீடிங், அதாவது கருவிழி வளைவின் அளவு, 48.00, 52.00 டயாப்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 50.00. இதை வளைவு ஆரமாக மாற்ற 337.5-ஐ 50-ஆல் வகுத்தால் 6.75 மி.மீ. ஒவ்வொரு லென்ஸ் வடிவத்துக்கும் தயாரிப்பாளரே ஒரு தொடக்க அட்டவணை தருகிறார், அதைப் பின்பற்றுங்கள். நம் உதாரணத்தில் 6.70 பேஸ் கர்வ் (லென்ஸின் உள்பக்க வளைவு), மைனஸ் 4.00 பவர் உள்ள ட்ரையல் லென்ஸை எடுத்திருக்கிறோம்.

மரத்துப்போகும் சொட்டு விடலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். முதல் ட்ரையலுக்கு ஒரு சொட்டு விடுவதே சரி என்பேன். இல்லாவிட்டால் கண்ணீர் கொட்டும், எதையும் படிக்க முடியாது, பயந்துபோன பையன் லென்ஸே வேண்டாம் என்று எழுந்துவிடுவான். ஆனால் மருந்து தெளிந்தபின் எப்படி இருக்கும் என்பதை அதே நாளில் அவர் உணர வேண்டும். லென்ஸைக் கொடுக்கும் நாளில் சொட்டு கிடையாது.

லென்ஸ் போட்டு 20, 30 நிமிடம் விடுங்கள். கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொன்னால் நேரம் சரியாக இருக்கும், கூட ஒரு ஆள் போகட்டும். வந்ததும் ஃப்ளோரசீன் என்ற சாயம் தோய்ந்த பட்டையை ஒரு துளி ஸலைனில் நனைத்து, கண்ணின் வெள்ளைப் பகுதியில் தொட்டு, இரண்டு மூன்று முறை சிமிட்டச் சொல்லுங்கள். ஸ்லிட் லாம்பில் கோபால்ட் நீல ஒளி, அதன் மேல் மஞ்சள் ஃபில்டர். மஞ்சள் ஃபில்டர் இல்லாமல் பார்ப்பது பாதி பார்ப்பதுதான்.

இப்போது கண்ணீர் பச்சையாக ஒளிரும். பச்சை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் கண்ணீர் அதிகம். கருமையாக இருக்கும் இடத்தில் லென்ஸ் தொடுகிறது அல்லது தொடும் அளவுக்கு நெருங்கியிருக்கிறது. சுமார் 20 மைக்ரானுக்குக் கீழே பச்சை கண்ணுக்குத் தெரியாது என்பதையும் ஞாபகம் வையுங்கள். கருமை எல்லாமே உரசல் அல்ல.

நடுவில் பெரிய கரும்பொட்டு, சுற்றிலும் அகலமான பச்சை, சிமிட்டினால் லென்ஸ் ஆடுகிறது: ஃப்ளாட், அதாவது லென்ஸ் தட்டை. கூம்பின் நுனியில் முழுப் பாரமும் விழுகிறது. பார்வை சில நேரம் இதில்தான் கூர்மையாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. நாளடைவில் நுனி தேய்ந்து தழும்பாகும். நடுவில் பச்சைக் குளம், சில நேரம் உள்ளே காற்றுக் குமிழ், லென்ஸ் அசைய மறுக்கிறது: ஸ்டீப், அதாவது லென்ஸின் வளைவு அதிகம். நாம் தேடுவது இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பது. நுனியில் இறகு பட்ட மாதிரி லேசான தொடுதல், இரு பக்கமும் நடு ஓரத்தில் இன்னும் இரண்டு இடத்தில் தாங்கல். மூன்று இடம் பகிர்ந்து சுமக்கும். கூம்பு மிகவும் கூர்மையாக இருந்தால் நடுவில் சற்றுக் கூடுதல் பச்சையை ஏற்றுக்கொள்ளலாம், கூடுதல் கருமையை ஏற்கக் கூடாது.

பிறகு விளிம்பு. சுற்றிலும் அரை முதல் முக்கால் மி.மீ. அகலத்துக்குச் சீரான பச்சை வளையம் வேண்டும். குறுகலாக இருந்தால் லென்ஸ் கண்ணில் ஒட்டிக்கொண்டு, அடியில் கண்ணீர் மாறாமல் தேங்கும். அகலமாக இருந்தால் இமை தட்டி லென்ஸ் கீழே விழும், தூசியும் எளிதில் நுழையும். கீழே சரிந்த கூம்புகளில் மேலே வளையம் சரியாக இருந்து கீழ் விளிம்பு மட்டும் தூக்கி நிற்கும். அதற்குக் கீழ்ப்பகுதியை மட்டும் உள்வாங்கிச் செய்யும் வடிவங்கள் உண்டு. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் சுமார் 1 மி.மீ. அசைவு இருக்க வேண்டும்.

வரிசை முக்கியம்: முதலில் நடு, அப்புறம் விளிம்பு, அப்புறம் லென்ஸின் விட்டம், கடைசியில் பவர். புதியவர்கள் பவரில் தொடங்கிவிட்டு, பேஸ் கர்வ் மாறியதும் மறுபடி முதலிலிருந்து வருவார்கள்.

பவருக்கு வருவோம். ட்ரையல் லென்ஸின் மேல் பார்த்ததில் மைனஸ் 5.00 தேவைப்படுகிறது. ட்ரையல் ஃப்ரேம் கண்ணிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருப்பதால், 4 டயாப்டருக்கு மேல் போனால் தூரக் கணக்கைச் சேர்க்க வேண்டும். 5.00 என்பது கண்ணின் மேல் 4.75 ஆகும். ட்ரையல் லென்ஸின் மைனஸ் 4.00-ஐக் கூட்டினால் மைனஸ் 8.75. இதற்குள் ஃப்ளோரசீனைப் பார்த்துவிட்டு 6.70-க்குப் பதில் 6.60 வேண்டும் என்று தீர்மானித்திருந்தால், வளைவு சுமார் 0.75 டயாப்டர் கூடுகிறது. பின்னால் நிற்கும் கண்ணீரே அவ்வளவு ப்ளஸ் ஆகிவிடும். அதை ஈடுகட்ட மைனஸ் 9.50 எழுத வேண்டும். ஸ்டீப் ஆக்கினால் மைனஸைக் கூட்டு, ஃப்ளாட் ஆக்கினால் ப்ளஸைக் கூட்டு. 7.80 அருகில் 0.05 மி.மீ. மாறினால் 0.25 டயாப்டர் மாறும் என்று பாடத்தில் படித்ததைக் கூம்புக் கண்ணில் போடாதீர்கள். 6.50 அருகில் அதே 0.05 சுமார் 0.40 டயாப்டர் ஆகிறது.

ஸ்க்லெரல்: தொடாமல் தாண்டிப்போகும் லென்ஸ்

1880களின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் ஃபிக் செய்த முதல் கான்டாக்ட் லென்ஸே கண்ணாடியாலான ஸ்க்லெரல்தான். ஆக்ஸிஜன் போகாததால் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆக்ஸிஜன் விடும் நவீனப் பொருள் வந்தபின்தான் இந்தப் பழைய யோசனை மறுபடி நடைமுறைக்கு வந்தது. கருவிழியை எங்கேயும் தொடாமல் முழுதாகத் தாண்டி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும். விட்டம் பொதுவாக 14 முதல் 18 மி.மீ. இடைவெளியை ஸலைன் நிரப்புகிறது.

போடும்போது நோயாளி குனிந்து, முகம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். லென்ஸில் விளிம்பு வரை ஸலைன், ட்ரையல் என்றால் அதில் கொஞ்சம் ஃப்ளோரசீன். நேராக மேலே கொண்டுபோய் அழுத்த வேண்டும். குமிழ் வந்தால் கழற்றி மறுபடி. குமிழோடு ஒரு முடிவும் எடுக்காதீர்கள்.

நடுவில் எவ்வளவு இடைவெளி என்று ஓசிடி என்ற ஸ்கேன் கருவி இருந்தால் அளக்கலாம். இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஸ்லிட் லாம்பில் மெல்லிய சாய்வு ஒளி விட்டு, லென்ஸின் கனத்தோடு பச்சைப் படலத்தை ஒப்பிடுங்கள். ட்ரையல் லென்ஸின் கனம் 300 மைக்ரான் என்று தெரிந்து, பச்சையும் அதே அகலம் என்றால் இடைவெளியும் ஏறக்குறைய 300. லென்ஸ் போகப்போகக் கண்ணில் அமிழும். சில மணி நேரத்தில் 100 மைக்ரான் வரை, சில கண்களில் அதற்கும் மேல் குறையும். அதைக் கணக்கில் வைத்து, முழுதாக உட்கார்ந்தபின் சுமார் 200 மைக்ரான் நிற்கும்படி தேர்வு செய்யலாம். கருவிழியும் வெள்ளையும் சேரும் ஓரத்திலும் லென்ஸ் தொடக் கூடாது. கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன.

கடைசியாக லென்ஸ் உட்காரும் இடம். விளிம்புக்கு அடியில் ரத்தக் குழாய்கள் வெளுத்துப்போனால் அழுத்துகிறது என்று பொருள். விளிம்பு தூக்கினால் குமிழ் நுழையும், உறுத்தும். கண்ணின் வெள்ளைப் பகுதி எல்லாப் பக்கமும் ஒரே சரிவில் இருப்பதில்லை. அதனால் பலருக்கு விளிம்பையே டோரிக்காக, அதாவது இரண்டு திசையில் இரண்டு வளைவாகச் செய்ய வேண்டியிருக்கும். மதியத்துக்கு மேல் பார்வை மங்குகிறது என்று சிலர் திரும்பி வருவார்கள். இடைவெளியில் அழுக்கு சேர்ந்திருக்கும். கழற்றிக் கழுவிப் புது ஸலைனோடு போட்டால் தெளியும். அதிக இடைவெளியும் விளிம்புத் தளர்ச்சியும் அதற்குக் காரணமாக இருக்கலாம், சரிபாருங்கள்.

மற்றவை, சுருக்கமாக

பிக்கிபேக் என்பது அடியில் மெல்லிய சாஃப்ட் லென்ஸ், மேலே ஆர்ஜிபி. நுனி அடிக்கடி உரிந்துபோகும் கூம்புக்கு உதவும். நடுவில் கெட்டியும் ஓரத்தில் மென்மையுமான ஹைப்ரிட்டும் உண்டு. பார்வை திரும்பாத வெள்ளைக் கண்ணுக்கு நிறம் தீட்டிய செயற்கை லென்ஸ். திருமணம் பேசும் வயதுப் பிள்ளைகளோடு வரும் பெற்றோர் குரலைத் தாழ்த்திக் கேட்பது இதைத்தான். மறு கண்ணை நல்ல பகல் வெளிச்சத்தில் படமெடுத்து நிறம் பொருத்த வேண்டும், ட்யூப்லைட்டில் எடுத்தால் நிறம் ஏமாற்றும். கண்புரை எடுத்து உள்லென்ஸ் வைக்காத கைக்குழந்தைக்கு ப்ளஸ் 25, 30 என்று பெரிய பவர் தேவைப்படும். குழந்தையின் உலகம் கைக்கெட்டும் தூரம்தான் என்பதால் இரண்டு மூன்று டயாப்டர் கூட்டியே கொடுப்பார்கள். அங்கே கற்றுக்கொள்ள வேண்டியவர் அம்மா. தாமதமானால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும், அதனால் வாரக் கணக்கில் தள்ளிப்போட இடமில்லை. இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும் ஆர்த்தோ-கே, கிட்டப்பார்வைக்கு. கெரட்டோகோனஸ் கண்ணுக்கு அது ஒருபோதும் கூடாது.

லென்ஸ் வந்த பிறகு

ஆர்டர் எழுதும்போது பேஸ் கர்வ், விட்டம், பவர், விளிம்பு, பொருள் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். அளவு மாற்றித் தரும் காலக்கெடு எவ்வளவு என்று ஆர்டருக்கு முன்பே கேட்டு, நோயாளியிடமும் சொல்லிவிடுங்கள். முதல் லென்ஸே கடைசி லென்ஸாக இருப்பது அரிது. வந்ததும் பவரை லென்ஸோமீட்டரிலும் வளைவை ரேடியஸ்கோப்பிலும் சரிபார்க்காமல் கண்ணில் வைக்காதீர்கள்.

கற்றுக்கொடுக்கும் நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். சோப்பு போட்டுக் கை கழுவி, நூல் பிரியாத துணியில் துடைத்து உலர்த்த வேண்டும். ஈரக் கையால் லென்ஸைத் தொடவே கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் குளித்து முடித்த பிறகே லென்ஸ். மிளகாய் கிள்ளிய கை எத்தனை முறை கழுவினாலும் எரியும், சமைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து, அதைக் குனிந்து பார்த்தபடி போடப் பழகச் சொல்லுங்கள். லென்ஸ் விழுந்தால் துணியில் கிடக்கும். எப்போதும் வலது கண் முதலில். இரண்டும் இடம் மாறினால் நோயாளி லென்ஸே சரியில்லை என்று வந்து நிற்பார். ஆர்ஜிபியைக் கழற்ற, கண்ணை அகல விழித்து, வெளி ஓரத்தைக் காதுப் பக்கம் இழுத்து, சிமிட்ட வேண்டும். இமையே லென்ஸைத் தள்ளிவிடும். லென்ஸ் நழுவி வெள்ளைப் பகுதிக்குப் போனால் பதறுவார்கள். "உள்ளே போயிடுமா சார்?" போகாது. கண்ணுக்குப் பின்னால் போக வழியே இல்லை. ஸ்க்லெரலைக் கழற்ற ரப்பர் உறிஞ்சி இருக்கிறது. அதை லென்ஸின் நடுவில் ஒட்டி இழுக்கக் கூடாது, கருவிழியையே இழுக்கும். கீழ் விளிம்புக்கு அருகில் ஒட்டி, வெளிப்பக்கமாகத் தூக்கி, அடைப்பை உடைத்து எடுக்க வேண்டும். கழற்றிக் காட்டாத யாரையும் லென்ஸோடு வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

ஆர்ஜிபி முதல் நாள் மூன்று நான்கு மணி நேரம், பிறகு தினமும் ஒன்றிரண்டு மணி கூட்டிக்கொண்டே போகலாம். முதல் இரண்டு வாரம் உறுத்தும். உறுத்தல் குறைந்துகொண்டே வர வேண்டும். கூடிக்கொண்டே போனால் பழக்கக் குறை என்று சமாதானம் சொல்லாமல் கூப்பிட்டுப் பாருங்கள்.

தண்ணீர்

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்ஓ, வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர் எதிலும் லென்ஸையோ டப்பாவையோ கழுவக் கூடாது. கேன் தண்ணீர் சுத்தம்தானே என்று நம்பித்தான் பலர் கழுவுகிறார்கள். குடிக்கத் தகுந்தது வேறு, கிருமியே இல்லாதது வேறு. அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் எந்தத் தண்ணீரிலும் இருக்கலாம். அது கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் சிகிச்சை, பார்வையும் போகலாம். எச்சில் தொட்டுப் போடுவது அதைவிட மோசம்.

ஸ்க்லெரல் போடுபவர்கள் செலவை மிச்சப்படுத்த, குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரியான பெரிய ஸலைன் பாட்டிலை வாங்கி நாட்கணக்கில் பயன்படுத்துவதைப் பார்க்கிறோம். அதில் கிருமியைத் தடுக்கும் மருந்து இல்லை. திறந்த பாட்டில் நாள்பட்டால் கிருமி வளரும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சின்னக் குப்பிகளே சரி. டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் லென்ஸ் டப்பாவை விட்டுப் போகாதீர்கள்.

கிணற்றிலோ கண்மாயிலோ இறங்கும் முன் லென்ஸைக் கழற்ற வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் துருத்தியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் யார் முகத்தில் வேண்டுமானாலும் அடிக்கும். அன்று கூட்டத்துக்குள் போவதென்றால் லென்ஸ் வேண்டாம், கண்ணாடியோடு போங்கள். விபூதி பூசும்போது கண்ணை மூடிக்கொண்டால் போதும். மை இடுவதாக இருந்தால் லென்ஸ் போட்டபின், இமை முடிக்கு வெளிப்பக்கம் மட்டும்.

திரும்ப வரும்போது

ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லென்ஸ் போட்டு மூன்று நான்கு மணி நேரமாவது ஆனபிறகு வரச் சொல்லுங்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபின் போட்டுக்கொண்டு வந்தால் ஒன்றும் தெரியாது. முதலில் லென்ஸோடு பார்த்துவிட்டு, கழற்றியபின் ஃப்ளோரசீன் விட்டுக் கருவிழியைப் பாருங்கள். நுனியில் சுழலாக உரிந்திருந்தால் ஃப்ளாட்டாக உரசுகிறது. மூக்குப் பக்கமும் காதுப் பக்கமும் மட்டும் உரிந்திருந்தால் விளிம்பையும் சிமிட்டலையும் கவனியுங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் லென்ஸை உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்துவரட்டும், கிருமிச் சோதனைக்கு உதவும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டை விட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, புண் பூஞ்சையாக இருந்தால் கருவிழியே ஓட்டையாகிவிடும்.

ஆர்ஜிபி ஒன்று முதல் இரண்டு வருடம் உழைக்கும். இளவயது கெரட்டோகோனஸ்காரர்களுக்கு லென்ஸ் நன்றாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டோபோகிராஃபி எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். புது லென்ஸ் மாற்றியதும் கீறலில்லாத பழையதைத் தூக்கிப்போடாமல் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கண்ணாடியும் ஒன்று செய்துகொடுத்துவிடுங்கள். அதில் 6/24தான் தெரியும் என்றாலும், லென்ஸ் வாஷ்பேசினில் போன நாளிலும் கண் சிவந்த நாளிலும் அவர் பஸ் பிடித்து உங்களிடம் வந்து சேர அது வேண்டும்.